தலையணை உறையில் வந்த தவளை

ஆஸ்பத்திரி அழுக்கைப் பிரிக்கிறவர்களுக்கு முகம் சுளிக்க நேரம் கிடையாது. வண்டியிலிருந்து மூட்டை வந்து விழும். கட்டை அவிழ்த்து மேசையில் கொட்ட வேண்டும். விரிப்பு ஒரு கூடை, போர்வை ஒரு கூடை, ரத்தம் பட்டது தனி, டாக்டர்களின் அங்கி தனி. ரப்பர் கையுறைக்குள் விரல்கள் ஊறி வெளுத்துக் கிடக்கும். ஒரு மூட்டை முடிவதற்குள் அடுத்தது காலில் வந்து இடிக்கும். சைரன் ஊதினால் ஷிப்ட் முடியும், வேலை முடியாது. வந்த சுமை தீர்ந்தால்தான் வீடு.

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு வெந்நீர் என்று பெயர். சட்டென்று கொதிப்பாள், அடுத்த நிமிஷம் ஆறிவிடுவாள். பெயர் வைத்தவள் கொக்கு. கொக்கு நெட்டை, எதைச் சொன்னாலும் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் சொல்வாள். இவள் அழுக்குப் பக்கம், கொக்கு சுத்தப் பக்கம். நடுவில் சுவர். சுவரில் பதித்தாற்போல வரிசையாகச் சலவை எந்திரங்கள். இந்தப் பக்கத்துக் கதவில் அழுக்கைத் திணித்தால் அது வெந்து வெளுத்து அந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வரும். அழுக்குப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. சுவரில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாகத்தான் இரண்டு பேரும் நாளெல்லாம் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வார்கள். மேஸ்திரியின் நடையைக் கொக்கு நடித்துக் காட்டுவாள். இவள் முகக்கவசத்துக்குள் சிரிப்பாள்.

துணியோடு துணியாக என்னென்னவோ வரும். கரண்டி, மூக்குக் கண்ணாடி, செல்போன், ஒரு முறை யாருடையதோ முழுப் பல் செட். எது கிடைத்தாலும் கதவோரம் இருக்கும் நீலத் தொட்டியில் போட வேண்டும். டிரைவர் அண்ணன் சுத்தத் துணியோடு அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார். பல் செட்டைத் தேடி ஆள் வந்திருக்கிறது. பொம்மையைத் தேடி யாரும் வந்ததில்லை. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முதல் தடவை அது எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. குழந்தைகள் வார்டு மூட்டையில் ஒரு ரப்பர் வாத்து கிடந்தது. தொட்டிவரை நடக்கச் சோம்பல்பட்டு ஏப்ரன் பையில் போட்டாள். அன்றைக்குச் சுமை அதிகம். வீட்டுக்குப் போனபோது மகள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தை அம்மாவிடம் காட்டுவதற்காகக் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் அவளே கசக்கிப் போட்டிருந்தாள். கசங்கிய தாள் கட்டிலுக்கடியில் கிடந்தது. எடுத்து விரித்துப் பார்த்தால், மேலே ஒரு சூரியன், கீழே மூன்று பேர். அப்பா, தம்பி, அவள்.

"அம்மாவ எங்கடி காணோம்?"

"நீ வேலைக்குப் போயிருக்க."

அப்போதுதான் வாத்து ஞாபகம் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கொண்டுவந்து நீட்டினாள். மகளின் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். அந்த மாற்றத்தை எந்த ஊரில் எந்தத் தாயாலும் பார்க்காததுபோல் இருக்க முடியாது.

"கடையில வாங்குனியா?"

"ஆமா."

வாத்தை எடுத்தது கூடப் பெரிதில்லை. அந்த 'ஆமா'தான்.

அதற்குப் பிறகு வழி ஒன்று உண்டாகிவிட்டது. குழந்தைகள் வார்டு மூட்டையில் பொம்மை கிடைத்தால் ஒரு தலையணை உறைக்குள் போட்டு வாயை முடிச்சுப் போடுவாள். விரிப்புகளோடு சேர்த்துக் கொதிநீர் எந்திரத்தில் தள்ளிவிட்டுக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தப் பக்கம் கொக்கு முடிச்சுப் போட்ட உறையைத் தேடி எடுத்து, சைரனுக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் கொண்டுவந்து கொடுப்பாள்.

"புள்ளைக்குப் பொம்மை, எனக்கு என்னடி?"

"உனக்கு அந்தப் பல் செட்ட எடுத்து வைக்கிறேன்."

"வை, வை. உன்கூடப் பேசிப் பேசி என் பல்லுதான் தேஞ்சு போச்சு."

அவள் கணவன் சந்தையில் மூட்டை இறக்குகிறவன். இருட்டிலேயே போய்விடுவான். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சின்னவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, இவள் ஆலைக்கு ஓடுவாள். மதியம் அவன் திரும்பி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்வான். அவர்களைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, சண்டை விலக்குவது எல்லாம் அவன்தான். பாரம் தூக்கிய முதுகோடு சின்னவனையும் தூக்கிக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுவும் அவளுக்குச் சுமைதான்.

அவளுக்கு மிச்சமாகிற நேரத்திலும் தண்ணீர் வந்து குறுக்கே நின்றது. அழுக்குப் பக்கத்து ஆட்கள் ஆலையிலேயே குளித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். அவள் வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை குளிப்பாள். என்னென்ன நோய் பட்ட துணியோ, குளிக்காமல் பிள்ளைகளைத் தொட மாட்டாள். சின்னவன் காலைக் கட்டிக்கொள்ள ஓடி வருவான். இவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, போலீஸில் மாட்டியவள் மாதிரி, குளியலறைக்குள் ஓடுவாள். வெளியே வரும்போது அவன் பெரும்பாலும் தூங்கியிருப்பான். மகள் மட்டும் விழித்திருப்பாள். அம்மாவுக்காக இல்லை, அவள் பையில் வரும் பொம்மைக்காக.

ஒரு நாள் மகள் தலை வாரிக்கொள்ளும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்கும் லேட்டா வாம்மா. லேட்டானாத்தான பொம்மை வரும்."

அதை அவள் கொக்கிடம் சொல்லிச் சிரித்தாள். கொக்கும் சிரித்தாள். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டித் திட்டினார்கள்.

தவளை வந்தது அந்தச் சமயத்தில்தான். பச்சைத் துணியில் செய்தது. நீளநீளமான கால்கள், வயிற்றில் வெள்ளைத் துணி. ஒரு கால் தொடையிடத்தில் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. நிறைய நாள் ஒரு பிள்ளையின் கையில் கிடந்தது என்று பார்த்தாலே தெரியும். துணி தேய்ந்து மழமழவென்றிருந்தது. அப்படிப்பட்டதை எடுக்கக் கூடாது என்று கை ஒரு கணம் தயங்கியது உண்மை. பிறகு அந்தக் கையேதான் முடிச்சுப் போட்டது.

மகள் அதற்குப் பச்சையன் என்று பெயர் வைத்தாள். வாத்தும், அதற்குப் பிறகு வந்த காரும் ஒரு மூலைக்குப் போய்விட்டன. சாப்பிடும்போது பச்சையன், தூங்கும்போது பச்சையன். "கால் வலிக்குமில்ல, தச்சுக் குடு" என்று நச்சரித்தாள். விடுமுறை நாளில் அவள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். பச்சை நூல் இல்லை. சிவப்பில் தைத்தாள். மகள் அவள் முழங்காலில் சாய்ந்து நூற்கண்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, குத்துது அதுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் மகளோடு அவள் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தையலுக்குத்தான். இன்னும் கொஞ்சம் பிரிந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தாள்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒரு மதியம் டிரைவர் அண்ணன் மூட்டைகளைத் தள்ளிவிட்டு உடனே கிளம்பாமல் நின்றார். மேஸ்திரியிடம் என்னவோ சொன்னார். மேஸ்திரி கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் ஒதுங்கி வந்து நின்றார்கள். நடுவிலிருந்த சின்னக் கதவை மேஸ்திரி திறந்து பிடித்துக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க," என்றார் டிரைவரிடம்.

"ஒண்ணுமில்லம்மா. ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பையன். மூணு வயசோ நாலு வயசோ இருக்கும். ரொம்ப நாளா படுத்திருக்கான். ஒரு துணித் தவளை வச்சிருந்தானாம், பச்சைக் கலர். விரிப்பு மாத்தும்போது அதோட சேத்துச் சுருட்டிட்டாங்க. அது இல்லாம ஊசி போட விட மாட்டேங்கிறான், சோறு எறங்க மாட்டேங்குதாம். அவன் அம்மா தினமும் துணி குடுக்கிற ஜன்னல்ல வந்து நிக்குது. நான் வண்டிய நிறுத்துறதுக்குள்ள ஓடி வருது. 'இன்னைக்காவது வந்துச்சா அண்ணே'ங்குது. எனக்கே அங்க போக ஒரு மாதிரியா இருக்கு."

"தொலைஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்கிறீங்க," என்றார் மேஸ்திரி. "நம்மகிட்ட வந்திருந்தா தொட்டியில இருந்திருக்கும். யாராவது பாத்தீங்களா? வெந்நீரு, குழந்தைங்க வார்டு மூட்டை நீதான பாக்குற?"

"நான் பாக்கலையே," என்றாள் அவள்.

சொன்ன வேகத்தைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொதிக்கிற எந்திரத்தில் கை பட்டால் இழுத்துக்கொள்கிற வேகம். கொக்கு மேஸ்திரிக்குப் பின்னால்தான் நின்றாள். கழுத்தை நீட்டவில்லை. தரையைப் பார்த்தாள்.

"கெடைச்சா சொல்லுங்க தாயி," என்று டிரைவர் பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை உடை மாற்றும் அறையில் கொக்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷூ கயிற்றை அவிழ்க்காமலே இருந்தாள்.

"அது பச்சைதான?"

"பச்சைதான்."

"என் கையாலதான எடுத்துக் குடுத்தேன்." கையை விரித்துப் பார்த்தாள். "என்ன பண்ணப் போற?"

"நீ சொல்லு."

"எனக்குப் புள்ளயும் இல்ல குட்டியும் இல்ல, நான் என்னத்தச் சொல்றது? சொன்னா, உனக்கென்ன தெரியும்ப." எழுந்து போகிறவள் திரும்பி நின்றாள். "அந்தப் பய சாப்பிடலையாம்டி."

வீட்டுக்குப் போனபோது மகள் தவளையைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, ஒரு மூடியில் தண்ணீர் வைத்து, அதற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தாள். வாய் திறந்தபோது, "பச்சையன் நல்லா படிக்கிறானா?" என்றுதான் வந்தது.

"மக்கு. ஆனா அழ மாட்டான். நீ வர்ற வரைக்கும் என்கூடவே இருப்பான்."

அடுப்படியிலிருந்து கணவன் சிரித்தான். "நல்ல பொம்மையாத்தான் பாத்து வாங்கியிருக்க. அது வந்ததிலிருந்து இவ என்னைப் போட்டுப் படுத்துறதில்ல."

அவன் பாராட்டிய அந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கிற ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த முகம் கண்முன் வந்தது. சோறு இறங்கவில்லை. "வயிறு சரியில்ல" என்று எழுந்துவிட்டாள். அதுவும் பொய்.

காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது சொன்னாள்: "பச்சையன் நாறுறான்டி. ஆலையில போட்டு நல்லா தொவச்சுக் கொண்டு வரேன்."

மகள் தவளையை முகர்ந்து பார்த்தாள். "நாறலையே."

"உனக்குத் தெரியாது. பூச்சி வரும்."

பூச்சி என்றதும் மகள் பயந்துபோய்க் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "கண்ணுல சோப்பு படாமப் பாத்துக்கோ. சாயங்காலம் மறக்காத" என்றாள். அவள் சரி என்றாள். பள்ளிக்கூட வாசலில் மகளின் கையை விட்டுவிட்டு, மூலை திரும்பும்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஆலையில் முதல் வண்டி வந்ததும் அவள் செய்தது இதுதான். குழந்தைகள் வார்டு மூட்டையை அவிழ்த்தாள். ஏப்ரனுக்குள்ளிருந்து தவளையை எடுத்தாள். கறை இருக்கிறதா, மகளின் முடி ஒட்டியிருக்கிறதா, பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அழுக்கு விரிப்புகளுக்கு நடுவே செருகினாள். பக்கத்து மேசைக்காரி தன் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவளே இழுத்து எடுத்து, கையை உயர்த்தி, "மேஸ்திரி, இங்க பாருங்க," என்றாள்.

சிவப்புத் தையல் அவள் கண்ணில் படவில்லை. ஒட்டுப் போட்ட விரிப்பும் தையல் போட்ட உறையும் தினமும் நூற்றுக்கணக்கில் கையில் புரள்கிறவளுக்குத் தையல் ஒரு பொருட்டில்லை. அவள் கண்ணுக்குக் கறைதான் தெரியும்.

மேஸ்திரி ஓடி வந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குக் கூசியது. "அட. எப்படிம்மா? எங்கயோ சந்துல கெடந்து இப்பத்தான் வந்திருக்கு போல. நீ இல்லேன்னா இது திரும்பவும் எங்க போயிருக்குமோ. நேத்துச் சொன்னத மனசுல வச்சுத் தேடியிருக்க பாரு. கொதிநீர்ல போட்டு அனுப்பு, உடனே குடுத்துவிட்டுருவோம்." பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "வெந்நீரு இன்னைக்கு சைரனுக்கே வீட்டுக்குப் போகட்டும். சுமை இருந்தாலும் பரவால்ல. புள்ளக்குட்டிக்காரி."

யாரோ கைதட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "எங்களுக்கும் ஒரு தவளை கெடைக்காதா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ மாதமாக அவள் ஏங்கிய சாயங்காலம். கெஞ்சியும் கிடைக்காதது, அழுதும் கிடைக்காதது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பழக்கம்போலத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். கண்ணாடியில் தட்டப் போனவள் தட்டாமல் கையை இறக்கினாள். கொக்கு தட்டாமலே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தவளை காய்ந்து, டிரைவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. மதியத்துக்கு மேல் டிரைவர் அண்ணன் அடுத்த சுமையோடு வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்தார்.

"அந்தம்மா அழுதுருச்சும்மா. பையன் வாங்கி, மோந்து பாத்து, மொதல்ல தள்ளிவிட்டுட்டான். அப்புறம் காதைப் புடிச்சு... தவளைக்கு ஏது காது, என்னத்தையோ புடிச்சு இழுத்து வச்சுக்கிட்டான். சோறு ரெண்டு வாய் உள்ள போச்சு. அந்தம்மா சொல்லுது, 'கால் பிஞ்சிருந்துச்சு அண்ணே. அதைக்கூடத் தச்சுக் குடுத்திருக்காங்க. எந்தப் புண்ணியவதியோ தெரியல, என் கும்பிடுன்னு சொல்லுங்க'ன்னு. செவப்பு நூல்ல அழகாத் தச்சிருக்கு."

மேசைகளில் கை நின்றது.

கும்பிடு என்ற சொல்தான் அவளை முதலில் குத்தியது. மாட்டிக்கொண்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"யாரு தச்சது?" என்றார் மேஸ்திரி. கேட்டது டிரைவரை இல்லை.

"நான்தான்," என்று சின்னக் கதவருகிலிருந்து கொக்கின் குரல் வந்தது. "எந்திரத்துல இருந்து எடுக்கும்போது பாத்தேன், கால் தொங்குச்சு. தையல் மேசையில உக்காந்து ஒரு இழு இழுத்தேன்."

"நம்ம தையல் மேசையில வெள்ள நூலுதான இருக்கு."

"என் பையில செவப்பு கெடந்துச்சு. தைக்கிறதுக்கும் உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா மேஸ்திரி?"

மேஸ்திரி கொக்கைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை, பார்த்த அளவு போதும். அவர் பத்து வருஷம் அழுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் மேஸ்திரி ஆனவர். ஒரு மாதம் அழுக்கில் கிடந்து வந்த துணி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையில் சந்தோஷத்தில் அதை யோசிக்காமல் விட்டிருந்தார். இப்போது யோசித்தார்.

"சரி," என்றார். நீலத் தொட்டியைக் காலால் நகர்த்தி அவள் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். "இது இனிமே இங்கயே இருக்கட்டும்." ஒரு அடி போய்விட்டு, திரும்பாமலே சொன்னார்: "சைரனுக்குப் போன்னு சொன்னேன்ல. போ. சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்."

திட்டியிருக்கலாம். வேலையை விட்டு நிற்கச் சொல்லியிருக்கலாம். அவள் குனிந்து அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை.

சைரன் ஊதியபோது எல்லோரும் வேலையில் இருக்க அவள் ஒருத்தி மட்டும் குளிக்கப் போனாள். குளியலறையில் வரிசை இல்லை. கொக்கு வாசலில் வந்து நின்றாள்.

"உனக்காகச் சொல்லல, பாத்துக்க. உன்னை நிறுத்துனா உன் மேசையும் என் தலையில விழும்."

"தெரியும்."

"என்ன தெரியும்? போ. வெளிச்சத்துல உன் வீடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

தெருவில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலுக்கு வந்தபோது சின்னவன் விழித்திருந்தான். அம்மா வருகிற நேரம் இது இல்லை என்பதால் அவன் ஓடி வரவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோல் நின்று பார்த்தான். கணவன் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தான். அவள் நேரே குளியலறைக்குப் போய், இரண்டாம் குளியலை முடித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

மகள் பையைத் திறந்து பார்த்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"பச்சையன் எங்க?"

"இங்க வா. உக்காரு."

மகள் உட்காரவில்லை.

"பச்சையன் நம்மளோடது இல்லடி. வேற ஒரு பையனோடது. ஆஸ்பத்திரியில இருக்கான். அம்மாதான் தெரியாம... இல்ல. தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு அவன்கிட்டயே குடுத்தாச்சு."

"கடையில வாங்குனேன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

மகள் யோசித்தாள். ஐந்து வயதுக்கு அவள் யோசிக்கிற விதம் அப்படியே அப்பாவைப் போல. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு.

"அந்தப் பையன் ஆஸ்பத்திரியில தனியாவா இருக்கான்?"

"இல்ல. அவங்கம்மா கூட இருக்காங்க."

"வேலைக்குப் போக மாட்டாங்களா?"

"இப்பப் போறதில்ல. அவன்கூடவே இருக்காங்க."

"ராத்திரியும்?"

"ராத்திரியும்."

"அப்ப அவனுக்கு எதுக்குப் பச்சையன்?"

அவன் நோயாளி என்று சொல்லலாம், ஊசி வலிக்கும் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் மகள் கேட்டது அதை இல்லை. அவள் வாயில் 'நாளைக்கும் சீக்கிரம் வரேன்' என்ற சொல் வந்து நின்றது. நாளைக்கு மூன்று ஆஸ்பத்திரிச் சுமை. அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"நாளைக்கு லேட்டாத்தான் வருவேன்," என்றாள். "ஒண்ணும் கொண்டு வர மாட்டேன். இனிமே எப்பவும்."

மகள் கட்டிலுக்கடியில் புகுந்தாள். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வாத்து, சக்கரமில்லாத கார், கிலுகிலுப்பை, ஒரு குட்டிக் குரங்கு. வெளியே வந்து அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தாள்.

"இது யாரோடது?"

"தெரியலடி."

"இது?"

"தெரியல."

சின்னவன் குஷியாகி வந்து காரில் கை வைத்தான். மகள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "தொடாத. நம்மளோடது இல்ல." அவன் வீறிட்டான். அம்மா அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் அவளிடம் அடங்கவில்லை. பின்கட்டைப் பார்த்துக் கையை நீட்டி, "அப்பா, அப்பா" என்று திமிறினான்.

கணவன் தோளில் ஈரத் துணியோடு உள்ளே வந்தான். தரையில் பொம்மை வரிசையைப் பார்த்தான், அழுகிற மகனைப் பார்த்தான், சுவரோரம் கையைக் கட்டி நிற்கிற மகளைப் பார்த்தான்.

"என்ன இது? ஒருநாள் வெளிச்சத்தோட வந்தும் சண்டையா?"

"அப்பா, அம்மா வந்து..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள் அவள்.

சொன்னாள். முடிச்சுப் போட்ட உறையிலிருந்து, மேஸ்திரி தொட்டியை நகர்த்தி வைத்ததுவரைக்கும். கைதட்டியதையும் விடவில்லை. ஜன்னலில் நின்ற பெண் அனுப்பிய கும்பிடையும் சொன்னாள். துணியிலிருந்து தண்ணீர் அவன் முதுகில் வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அசையாமல் கேட்டான்.

"நான் சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்," என்றான் கடைசியில். "என் பொண்டாட்டி எவ்வளவு லேட்டானாலும் புள்ளைக்கு எதையாவது வாங்காம வர மாட்டான்னு."

அவள் மடியில் சின்னவன் இன்னும் திமிறிக்கொண்டிருந்தான்.

அவன் குனிந்து அவள் மடியிலிருந்து சின்னவனை ஒரு கையில் எடுத்துக்கொண்டான். பிள்ளையின் அழுகை நின்றது. மகளைப் பார்த்து, "வா, கிளிப்பு எடுத்துக் குடு," என்றான். மூன்று பேரும் கொடிப் பக்கம் போனார்கள். எழுந்து போய்த் துணியில் ஒரு நுனியைப் பிடிக்கலாமா என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பிடித்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் கிளிப்பை அப்பாவிடம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.